லைனுக்கு இரண்டு அட்டை

பிப்ரவரி 4, செவ்வாய்

நோயாளிகள் பொய் எழுதுகிறார்கள். மூன்று வருடமாகப் பார்க்கிறேன், எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

இன்று ஒருவர். ஓய்வு பெற்ற பேங்க் மேனேஜர். இரண்டு வார நாட்குறிப்பை எங்கள் வராண்டா நாற்காலியில் உட்கார்ந்து பத்து நிமிடத்தில் எழுதி முடித்தார். ஒரே பேனா, ஒரே சாய்வு, எல்லா நாளும் நான்கு முறை. எழுதிய வேகத்தில் நாளைக்கும் சேர்த்து எழுதிவிட்டார்.

"நாளைக்கு நாலு தடவைன்னு இன்னிக்கே எப்படி சார் தெரியும்?"

"நான் ரொம்ப ரெகுலர்ப்பா."

பெருங்குடலில் புண் வந்து ரத்தமும் சளியுமாகப் போகும் நோய் இது. ஒரு கம்பெனி புது மாத்திரை கண்டுபிடித்திருக்கிறது. அது வேலை செய்கிறதா என்று பல நாடுகளில் சோதனை நடக்கிறது. கோவையில் எங்கள் மருத்துவமனையில். பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, பாதிப் பேருக்கு அதே நிறத்தில் வெறும் மாவு. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நான் கோஆர்டினேட்டர். நான்கு வருடம் பி.பார்ம். படித்துவிட்டு, ஊரில் யார் எத்தனை முறை வெளிக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதுகிறேன். பன்னிரண்டாவது வாரம்தான் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பார்கள். அதுவரை நாட்குறிப்பு என்ன சொல்கிறதோ அதுதான் குடல்.

புதிதாக ஒருவர் சேர்ந்தார். பதினான்காம் எண். கோகிலாமணி, வயது முப்பத்து நான்கு, திருப்பூரில் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். வீட்டுக்காரர் லாரியில் வடக்கே போகிறவர். படிவங்களில் பெயர் எழுதக்கூடாது, எண் மட்டும்தான். இது என் சொந்த டைரி, அதனால் எழுதுகிறேன்.

இருபத்தாறு பக்க ஒப்புதல் படிவத்தை வாசித்துக் காட்டினேன். டெல்லியில் யாரோ மொழிபெயர்த்தது. 'மலக்குடல்வழி குருதிப்போக்கின் மிகைமையினை மதிப்பிடுக' என்று ஒரு வரி. அதை வாசிக்கும்போது எனக்கே எதைக் கேட்கிறார்கள் என்று புரிவதில்லை. அவர் ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினார்.

"ஏதாவது கேள்வி இருக்குங்களா?"

"இருக்குதுங்க தம்பி. கக்கூசு எந்தப் பக்கமுங்க?"

போய்விட்டு வந்து உட்கார்ந்தார். ஒரு நாளைக்கு ஒன்பது, பத்து முறை போகிறதாம். ஒரு வருடமாக. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"எனக்கு டம்மி வந்து, சீக்கு முத்திப்போச்சுன்னா என்னுங்க பண்றது?"

இருபத்தாறு பக்கத்திலும் கேட்கவேண்டிய கேள்வி இது ஒன்றுதான். பேங்க் மேனேஜர் கேட்கவில்லை. விதியைச் சொன்னேன். மாத்திரை ஆரம்பித்த பிறகு ஒரு நாளாவது பத்தைத் தாண்டினால், டாக்டர் அந்த வாரமே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். மோசம் என்றால் சோதனையிலிருந்து விலக்கி, ஏற்கெனவே பலன் தெரிந்த ஊசி மருந்தைக் கம்பெனி செலவில் போடுவார்கள்.

"அதனால டைரியைத் தினமும் உள்ளபடி எழுதுங்க. அதுதான் உங்களுக்குக் காவல்."

"எழுதீருவனுங்க. தெனம் ஆயரம் பீசுக்குக் கணக்கெழுதறவ, இத எழுதமாட்டனா?"

பிப்ரவரி 5, புதன்

நோயாளிகளைத் திட்டுவதற்கு முன் நாமும் தினமும் எழுதிப் பார்ப்போம் என்றுதான் இந்த டைரியை ஆரம்பித்தேன். மருந்துக் கம்பெனி இலவசமாகக் கொடுத்தது. அட்டையில் கல்லீரல் படம். இன்று: வாடகை வீட்டு மோட்டார் ரிப்பேர். குளிக்கவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

ஐந்து நாள் விட்டுப்போயிற்று. ஞாபகத்திலிருந்து எழுதுகிறேன். 6ஆம் தேதி ஒன்றுமில்லை. 7, ஒன்றுமில்லை. 8, சட்டை தேய்த்தேன். 9 அல்லது 10, அம்மா போனில் கல்யாணப் பேச்சு எடுத்தாள், வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

பதினான்காம் எண்ணின் நாட்குறிப்பு வந்தது. நான் இதுவரை பார்த்ததிலேயே யோக்கியமான நாட்குறிப்பு. மூன்று நிறப் பேனா. ஒரு பக்கத்தில் மெஷின் எண்ணெய்க் கறை, இன்னொன்றில் பச்சை நூல் ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு நாளும் அன்றன்றே எழுதியது.

எண்ணிக்கை ஒன்பதிலிருந்து நாலுக்கு வந்துவிட்டது. டாக்டர் நரசிம்மராஜ் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேஜையைத் தட்டினார். "பரிதி, இது நிஜ மாத்திரைதான்டா. பெட் கட்டுறேன்." யாருக்கு எது என்று யூகிக்கக்கூடாது என்பது விதி. டாக்டருக்கு அந்த விதி தெரியும், பயிற்சிப் பதிவேட்டில் அவர் கையெழுத்து இருக்கிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் பத்து, பத்து என்று இருந்தது. பத்து என்பது பத்தைத் தாண்டியது இல்லை.

எடை நாற்பத்தாறிலிருந்து நாற்பத்து நாலரை. போன தடவை செருப்போடு நின்றாரோ என்னவோ.

"இப்ப எப்படி இருக்குங்க?"

"தேவலைங்க. கம்பெனில இப்பல்லாம் அதிகம் போறதில்லீங்க."

பிப்ரவரி 20, வியாழன்

மானிட்டர் வந்தார். மானிட்டர் என்றால் கம்பெனி சார்பில் எங்கள் காகிதங்களைச் சரிபார்க்கிறவர். வினுதா, பெங்களூரு. அவர் வருகிறார் என்றால் முந்தின நாளே எல்லாக் கோப்புக்கும் புது ஸ்டிக்கர், ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் டிபன் பாக்ஸ் மறையும், டாக்டர் தேதி போடாமல் விட்ட இடங்களுக்கெல்லாம் தேதி வரும்.

காகிதத்தில் இல்லாததை நடந்ததாகக் கருதக்கூடாது என்பது எங்கள் தொழிலின் முதல் விதி. காகிதத்தில் இருப்பதை நடந்ததாகக் கருத வேண்டும் என்பது சொல்லாமலே விளங்கும் இரண்டாவது விதி.

பதினான்காம் எண் நாட்குறிப்பைப் பார்த்து வினுதா, "ஃபர்ஸ்ட் கிளாஸ் டாக்குமென்ட் பரிதி. நூல் கூட ஒட்டியிருக்கு, பாருங்க" என்றார். சாப்பிடும்போது இரண்டு விஷயம் சொன்னார். ஒன்று, எங்கள் இடத்திலிருந்து ஏற்கெனவே மூன்று பேர் பாதியில் விலகிவிட்டார்கள், இன்னொருவர் விலகினால் கம்பெனி எங்கள் சென்டரை மூடும். இரண்டு, பெங்களூருவில் மானிட்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள், என் பெயரைச் சொல்லியிருக்கிறாராம்.

இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஒரே சாப்பாட்டின்போது சொன்னதால் சேர்த்து எழுதினேன்.

மார்ச் 4, செவ்வாய்

கோகிலாமணி வந்தார். வார நாட்களில் மூன்று, மூன்று, மூன்று. பேங்க் மேனேஜர் எழுதியதுபோல. ஆனால் இவர் பொய் எழுதுகிறவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பதினொன்று. இரண்டு ஞாயிறும்.

"அதெப்படிங்க, சனிக்கிழமை மூணு, ஞாயித்துக்கிழமை பதினொண்ணு, திங்கக்கிழமை மறுபடி மூணு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"ஞாயித்துக்கெழம ஊட்டுல இருக்கறனுங்க."

"அதனால?"

"கம்பெனில அட்ட வேணுமல்லங்க."

என்ன அட்டை என்றேன். சொன்னார். ஒரு லைனுக்கு நாற்பது டெய்லர். சூப்பர்வைசர் மேஜையில் ஆணியில் இரண்டு அட்டை தொங்கும், லேமினேஷன் போட்டது. பாத்ரூம் போகிறவர் ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், திரும்பி வந்து தொங்கவிட வேண்டும். இரண்டும் வெளியே இருந்தால் மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும். ஒரு ஆளுக்கு ஒரு ஷிப்டில் மூன்று தடவை. நாலாவது தடவை எழுந்தால் சூப்பர்வைசர் மைக்கில் பேரைச் சொல்லுவான்.

"போன மாசந்தானுங்க இந்தச் சட்டம் வந்துச்சு. முன்ன நாம்பாட்டுக்குப் போயிட்டு வருவன். மைக்குல, 'கோகிலாமணியக்கா, கக்கூசுலயே மெஷினப் போட்டுத் தரட்டுமா'ன்னு கேட்டாம்ங்க. லைனே சிரிச்சுது. எனக்கே சிரிப்பு வந்துருச்சு."

"அப்போ மூணு தடவைன்னு எழுதறது..."

"மூணு தடவதானுங்க போறன். நீங்க எத்தன தடவ போனன்னுதான கேட்டிருக்கறீங்க? எத்தன தடவ வந்துச்சுன்னு கேக்கலையே."

"மத்த நேரம் என்ன பண்றீங்க?"

"காலைல சோறுங்கறதில்லீங்க. மத்தியானமும் இல்ல. தண்ணி ஒரு டம்ளரு. உள்ள போனாத்தான வெளிய வரும்? ராத்திரி ஊட்டுக்குப் போயி ரெண்டு இட்லி. அப்பிடியும் சில நாளு துணி வெச்சுக் கட்டிக்கறனுங்க." குரலைத் தாழ்த்தினார். "அதெல்லாம் எழுதாதீங்க தம்பி."

ரத்தம் என்ற கட்டத்தில் வார நாட்களில் எதுவும் போடவில்லை. ஏன் என்றேன். கம்பெனி பாத்ரூமில் பல்பு ஃபியூஸாம், கதவைச் சாத்தினால் கும்மிருட்டு, என்ன போகிறது என்று எப்படிப் பார்ப்பது என்றார். வெளிநாட்டிலிருந்து ஆடிட் வரும் அன்று மட்டும் பல்பு எரியும், சோப்பு இருக்கும், அட்டை இரண்டும் டிராயருக்குள் போய்விடும்.

அயோக்கியர்கள். ஐரோப்பாவில் ஒருத்தி நூல் பிசிறில்லாத பனியன் போட இங்கே ஒருத்தி பட்டினி கிடந்து தைக்கிறாள். ஆடிட்டுக்கு வருகிறவன் பல்பைப் பார்த்து டிக் அடித்துவிட்டுப் போகிறான். டிக் அடிக்கிற ஜென்மங்களுக்குக் கண் எதற்கு? அந்தச் சூப்பர்வைசரை நடு லைனில் நிற்க வைத்து மைக்கில் கேள்வி கேட்க வேண்டும்.

ரத்தம் கட்டங்களில் 'இல்லை' என்று டிக் செய்யப்பட்டது. காலியாக விட்டால் கம்ப்யூட்டர் ஏற்றுக்கொள்ளாது.

எடை நாற்பத்து மூன்று.

மார்ச் 5, புதன்

டாக்டரிடம் அட்டை விஷயத்தைச் சொன்னேன். குழாய் விட்டுப் பார்க்கும் ஸ்கோப் அறைக்குப் போகிற வழியில் நின்று கேட்டார்.

"நான் குடல் டாக்டர்டா. லேபர் இன்ஸ்பெக்டர் இல்ல."

"அதுக்கில்ல சார். எண்ணிக்கை குறைஞ்சது மருந்தால இல்லன்னா..."

"எதால குறைஞ்சதுன்னு படிவத்துல கேட்டிருக்கானா? எத்தனைன்னுதான கேட்டிருக்கான்? நீ கேட்டதுக்குப் பதில் எழுது. கேக்காததுக்கெல்லாம் எழுதுனா அது கதை."

ரத்தப் பரிசோதனை முடிவும் வந்திருந்தது. ஹீமோகுளோபின் பத்திலிருந்து எட்டே முக்கால். முடிவுக்குப் பக்கத்தில் டாக்டர் தன் கருத்தை எழுத வேண்டும். நேரமில்லாததால் ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருக்கிறோம்: 'மருத்துவ முக்கியத்துவம் இல்லை.' டாக்டர் குத்தினார். "இந்த ஊர்ல எந்தப் பொம்பளைக்குடா பத்துக்கு மேல இருக்கு?"

உண்மைதான். எங்கள் அம்மாவுக்கும் ஒன்பதுதான்.

மார்ச் 7, வெள்ளி

வினுதாவிடமிருந்து மெயில். "எண் 014. நான்கு ஞாயிறுகளின் பதிவுகள் மற்ற நாட்களோடு பொருந்தவில்லை. கடைசி இரண்டு பதினொன்று. நோயாளி எண்ணும் முறையில் பிழையா? சரிபார்த்துத் திங்கட்கிழமைக்குள் தெரிவிக்கவும். பி.கு.: உங்கள் இன்டர்வியூ ஏப்ரல் 3."

பதினொன்று என்றால் டாக்டர் இந்த வாரமே கூப்பிட்டுப் பார்க்க வேண்டும். பார்த்தால் விலக்க வேண்டியிருக்கும். டாக்டர் மெயிலைப் படித்துவிட்டு, "பிழையான்னுதான கேக்கறா? பிழையான்னு பாரு" என்றார்.

நோயாளிக்குப் போன் செய்தேன். ஷிப்மென்ட் நேரம், லீவே கிடையாது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வேண்டுமானால் வாருங்கள் என்றார்.

மார்ச் 9, ஞாயிறு

திருப்பூர். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஷேர் ஆட்டோ, பிறகு சாயத் தண்ணீர் ஓடும் ஒரு பள்ளத்தைத் தாண்டி லைன் வீடு. ஒரே மாதிரி எட்டு வீடு, கோடியில் ஒரு கக்கூசு. கதவுக்கு மேல் நாற்பது வாட்ஸ் பல்பு. எரிந்தது.

காப்பி கொடுத்தார். அவர் குடிக்கவில்லை. நான் விளக்க ஆரம்பித்ததுமே எழுந்து போனார். வந்தார். மறுபடி ஆரம்பித்தேன்.

"நீங்க எண்ணுறதுல ஒரு சின்ன மாத்தம் வேணுங்க. அடுத்தடுத்து போறதை எல்லாம் தனித்தனியா எழுதக்கூடாது. ஒரு மணி நேரத்துக்குள்ள போனதை ஒண்ணாத்தான் சேக்கணும்."

"அப்பிடீங்களா? முன்னாடி சொல்லவே இல்லீங்களே."

"முன்னாடி சொல்லியிருக்கணும்."

"ஒண்ணா எப்பிடிங்க ஆகும்? அஞ்சு தடவ எந்திரிச்சு நடக்கறது நானல்லங்க?" என்றவர், பதில் வருவதற்குள் மறுபடி எழுந்து போனார். இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். திரும்பி வரும்போது முகம் வெளுத்து, மேலுதட்டில் வியர்வை. "ஞாயித்துக்கெழம ஒரு நா வயிறார உங்கலாம்னு பாத்தா, அதுக்கும் வஞ்சம் தீக்குதுங்க" என்று சிரித்தார்.

பிறகு, "படிச்சவிய சொன்னாச் செரிதானுங்க. எங்க கையெழுத்துப் போடோணும்?"

நான்கு ஞாயிறுகளின் எண்ணும் ஒற்றைக் கோட்டால் அடிக்கப்பட்டு, பக்கத்தில் நான்கு என்று எழுதப்பட்டது. பழைய எண் தெரியும்படிதான் அடிக்க வேண்டும் என்பது விதி. அந்த விதி சரியாகக் கடைப்பிடிக்கப்பட்டது. நோயாளி ஒவ்வொரு திருத்தத்துக்கும் பக்கத்தில் 'கோ' என்று போட்டார். பேனாவைத் திருப்பித் தரும்போது கை சுட்டது. காய்ச்சலா என்றேன். சாயங்காலம் வரும், காலையில் போய்விடும் என்றார். டோலோ போட்டுக்கொள்கிறாராம்.

நான் இருந்த ஒரு மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து போனார். புதிய முறைப்படி ஒன்று.

மார்ச் 10, திங்கள்

மெயிலுக்குப் பதில் போனது: 'நோயாளி எண்ணும் முறையில் பிழை. நேரில் விளக்கப்பட்டது. திருத்தப்பட்டது.' வினுதா கட்டை விரல் படம் அனுப்பினார்.

வாங்க வேண்டியது: பிஸ்கட், தேங்காய் எண்ணெய், ஷேவிங் பிளேடு.

மார்ச் 16, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை. பெங்களூருவில் இரண்டு பேர் சேர்ந்து தங்கினால் வீடு கிடைக்கும் என்கிறார்கள்.

ஏப்ரல் 1, செவ்வாய்

எட்டாவது வாரம். இதுதான் கம்பெனிக்கு முக்கியமான நாள். இன்று எண்ணிக்கை பாதிக்கு மேல் குறைந்திருந்தால் மருந்துக்கு வெற்றி. பதினான்காம் எண் வெற்றி. எங்கள் சென்டரில் முதல் வெற்றி. டாக்டர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார். கோகிலாமணிக்கும் ஒன்று. கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

"சாப்பிடுங்கம்மா. உங்களாலதான்."

"பஸ்ஸுல போகோணுமல்லங்க டாக்டர். ஊட்டுக்குப் போயி உங்கறனுங்க." காகிதத்தில் மடித்துப் பையில் வைத்தார்.

வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. எடை நாற்பதரை. எடை மெஷினைச் சரிபார்க்கச் சொல்லி நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினேன். நகல் கோப்பில் இருக்கிறது.

வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, வயிறு இப்ப ஊதுன மாதரயே இருக்குதுங்க. வலிக்கறதுகூட முன்ன மாதர இல்ல. இது நல்லதுங்களா, கெட்டதுங்களா?"

டாக்டரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். டாக்டருக்குச் சென்னையில் மாநாடு, ஐந்து மணி ஃபிளைட்.

ஏப்ரல் 3, வியாழன்

இன்டர்வியூ. மூன்று பேர் திரையில். கடைசிக் கேள்வி: "தரவில் சந்தேகம் வந்த ஒரு சந்தர்ப்பத்தை எப்படிக் கையாண்டீர்கள்?"

ஞாயிற்றுக்கிழமை திருப்பூர் போனதைச் சொன்னேன். விடுமுறை நாளில் சொந்தச் செலவில் நோயாளியின் வீட்டுக்கே போய்த் திருத்தியதைக் கேட்டு மூன்று பேரும் ஒரே நேரத்தில் எதையோ எழுதிக்கொண்டார்கள்.

ஏப்ரல் 8, செவ்வாய்

வேலை கிடைத்துவிட்டது. மே முதல் வாரம் சேர வேண்டும். அம்மா மருதமலைக்கு மொட்டை போடுவதாக வேண்டியிருந்தாளாம், எனக்கு.

ஏப்ரல் 16, புதன்

காலை பதினொன்றரைக்கு ஒரு போன். ஜெரினா என்று ஒரு பெண், கோகிலாமணிக்குப் பக்கத்து மெஷின். பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம்.

"நீங்கதான மாத்தர குடுக்கற தம்பி? அக்கா விழுந்துருச்சுங்க. டோலோ அட்டைக்குப் பொறத்தால உங்க நம்பர எழுதி வெச்சிருந்துச்சு. காலைல இருந்தே முடியலன்னு ரெண்டு மட்டம் அட்ட கேட்டுச்சு. ரெண்டு அட்டையும் வெளிய போயிருந்துச்சுங்க. மூணாம் மட்டம் கேக்காமயே எந்திரிச்சு ஓடுச்சு. லைன் முடியறதுக்குள்ளயே விழுந்துருச்சு. பாவாடையெல்லாம் ரத்தமுங்க. நெசமாலுமே ரத்தம், வேறொண்ணுமே இல்ல."

"இப்போ எங்க?"

"கம்பெனி வண்டில பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறாங்க. கம்பெனில விழுந்துதுன்னு சொல்லக்கூடாதாமா. ரோட்டுல விழுந்துதுன்னு சொல்லோணுமாமா."

ஏப்ரல் 17, வியாழன்

சோதனையில் இருக்கும் ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் கம்பெனிக்கு அறிக்கை போக வேண்டும். போயிற்று. இருபத்தொரு மணி நேரத்தில். எங்கள் சென்டரின் வேகத்தைப் பாராட்டி வினுதா பதில் போட்டிருக்கிறார்.

பெரிய ஆஸ்பத்திரியில் இரவோடிரவாக ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். குடல் காற்றடைத்த பலூன்போல வீங்கி ஓரிடத்தில் கிழிந்திருந்ததாம். பெருங்குடல் முழுவதையும் எடுத்துவிட்டார்கள்.

அறிக்கையில் டாக்டர் சொல்லச் சொல்ல எழுதினேன். மருந்துடன் தொடர்பு: இல்லை. சோதனை நடைமுறைகளுடன் தொடர்பு: இல்லை. முந்தைய நாள் வரை நோயாளியின் நிலை: நாட்குறிப்பின்படி தொடர்ந்த முன்னேற்றம். மயங்கி விழுந்த இடம்: சாலை.

"சார், அட்டை..."

"எழுதுன வரைக்கும் படி."

படித்தேன். கையெழுத்துப் போட்டார்.

ஏப்ரல் 21, திங்கள்

கோகிலாமணிக்குக் கிடைத்தது நிஜ மாத்திரையா மாவா என்று தெரிவிக்கும்படி கம்பெனிக்கு எழுதினேன். சிகிச்சைக்குத் தேவைப்பட்டால் மட்டுமே அந்த ரகசியம் இருக்கும் உறையைத் திறக்க முடியும், குடல் எடுக்கப்பட்டுவிட்டதால் இனி அது தேவைப்படாது என்று பதில். எட்டாவது வாரப் பதிவு ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டது. எனவே பதினான்காம் எண் வெற்றிப் பட்டியலில் நீடிக்கிறார்.

எட்டாவது வாரத்தைத் தாண்டிவிட்டதால் விலகியவர்கள் கணக்கிலும் வரமாட்டாராம். சென்டர் தப்பித்தது.

ஏப்ரல் 24, வியாழன்

திருப்பூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். மீதமிருக்கும் மாத்திரைகளையும் கடைசி நாட்குறிப்பையும் திரும்ப வாங்க வேண்டும், அது விதி. இதைத் திரும்பி வரும் பஸ்ஸில் எழுதுகிறேன். ஆடுகிறது, கையெழுத்து சரியில்லை.

பெண்கள் வார்டு, ஜன்னலோரக் கட்டில். முதலில் அடையாளம் தெரியவில்லை. அவர்தான் கையை ஆட்டினார்.

"வாங்க தம்பி. உக்கோருங்க, அந்த ஸ்டூலு ஆடாது." போர்வையைக் கொஞ்சம் விலக்கி வயிற்றோடு ஒட்டியிருந்த பையைக் காட்டினார். "இனி அட்டயே வேண்டாமுங்க. கூடவே கட்டி உட்டுட்டாங்க. மெஷினுலயே உக்காந்துக்கலாம். அந்தச் சூப்பர்வைசரு கேட்டானல்ல, அது நடந்துபோச்சு."

நான் சிரிக்கவில்லை. அன்றைக்குச் சிரிப்பு வந்ததாகச் சொன்னவரும் இந்தத் தடவை சிரிக்கவில்லை.

தலையணைக்கு அடியிலிருந்து மாத்திரை டப்பாவையும் நாட்குறிப்பையும் எடுத்துக் கொடுத்தார். ஏப்ரல் 15 வரை எழுதியிருந்தது. மூன்று, மூன்று, மூன்று. ஞாயிறுகளில் நான்கு. கற்றுக்கொடுத்தபடி.

"இங்க ஒரு டாக்டரம்மா இருக்கறாங்க. சின்ன வயசுதான். உங்க ஆஸ்பத்திரிலிருந்து வந்த காயிதத்தப் படிச்சுப்போட்டு, என்னையவே வையறாங்க. 'நல்லா ஆயிட்டிருந்தீங்க, ரத்தமே இல்லைன்னு எழுதியிருக்கீங்க, இவ்வளவு முத்துற வரைக்கும் ஏம்மா பொய் எழுதுனீங்க'ன்னு. வார்டே கேக்குதுங்க. நானாங்க பொய் எழுதுனன்?"

"இல்லீங்க."

"நா அட்டயப் பத்திச் சொன்னன். லைட்டு இல்லேன்னு சொன்னன். பட்டினி கெடக்கறன்னு சொன்னன். எழுதாதீங்கன்னும் நாந்தான் சொன்னன், அது வெக்கத்துக்குச் சொன்னது. ஆனா நீங்க எழுதித்தான இருப்பீங்க? உங்க வேலையே அதுதானுங்களே. எங்கூட்டுல உக்காந்து உங்க கண்ணாலயே பாத்தீங்க, மூணு மட்டம் எந்திரிச்சுப் போனன். அது ஒரு எடத்துல இருக்குமல்லங்க?"

பை மடியில் இருந்தது. அதற்குள் கல்லீரல் படம் போட்ட இந்த டைரி. நான் ஜிப்பின் மேல் கையை வைத்திருந்ததை அவர் பார்த்தார்.

"இருக்குதுங்களா?"

தலையாட்டினேன். ஆட்டியிருக்க வேண்டியதில்லை.

அவர் எழுந்து உட்காரப் பார்த்தார், முடியவில்லை. பக்கத்துக் கட்டில்காரம்மா முதுகைத் தாங்கினாள். வார்டின் மறுகோடியில் அந்த டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்துகொண்டிருந்தார். கோகிலாமணி அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யோசிப்பதுபோல மணி பார்த்தேன். பகல் பன்னிரண்டே கால்.

"அப்பறம் என்னுங்க, எடுங்க தம்பி. அந்தம்மாகிட்ட அந்தப் பக்கத்தக் காட்டுங்க."